ரப்பர் துளிர்த்தால் நெட் ஏன் போகிறது?

“மக்கா, நெட்டு பின்னயும் போச்சு. ஒண்ணு வந்து பாத்துட்டுப் போவியா?”

மூன்று வருடமாக மார்ச் பிறந்தால் சித்தியிடமிருந்து இந்த அழைப்பு வந்துவிடும். சித்தியின் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் இருக்கிற பனச்சமூட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது. மகன் குவைத்தில். அவன் வேலை முடிந்து, குளித்து, கட்டிலில் வந்து உட்காரும்போது இங்கே இரவு பத்தரை. அந்த நேரத்தில் வீடியோ காலில் அவன் முகம் பாதியில் உறைந்து நின்றுவிட்டால் சித்திக்கு அன்றைக்கு உறக்கம் கிடையாது.

முதல் வருடம் அதிக வேகத் திட்டத்துக்கு மாற்றினோம். இரண்டாம் வருடம் புது ரூட்டர் வாங்கினோம். இணைப்பு கொடுத்த நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார், பகலில் வந்தார், சோதித்தார், “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிப் போனார். அவர் சோதித்த நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிரச்சினையே அதுதான்.

முழுக்க நின்றுபோன நெட்டைச் சரிசெய்வது எளிது. எங்கோ ஒன்று அறுந்திருக்கும், தேடினால் கிடைத்துவிடும். வந்து வந்து போகிற நெட்தான் ஆளைக் கொல்லும். விளவங்கோடு பக்கத்து வீடுகளுக்குப் பல வருடமாக நெட் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குப் புரிந்த ஒரு விஷயம்: விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு இடம் உண்டு. எப்போது போகிறது, வீட்டில் எந்த அறையில் போகிறது, அப்போது மழையா, காற்றா, எத்தனை பேர் போனைப் பிடித்திருந்தார்கள் என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதி வைத்தால் பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும். ரூட்டரை மாற்றுவதும் திட்டத்தை மாற்றுவதும் அதற்கு அப்புறம் பார்க்க வேண்டிய வேலை.

நோட்டுக்கு முன்னால் ஒரு சோதனை. “நெட் போச்சு” என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. போனிலிருந்து ரூட்டர் வரை ஒன்று. அது வைஃபை, வீட்டுக்குள் நடக்கும் காரியம். ரூட்டரிலிருந்து வெளியே டவர் வரை, டிஷ் வரை, ஃபைபர் கம்பி வரை மற்றொன்று. இந்த இரண்டில் எது கெட்டது என்று பிரிக்காமல் எதைச் செய்தாலும் குருட்டு வைத்தியம்தான்.

பிரிப்பதற்கு பிங் போதும். நாம் ஒரு சின்னச் செய்தி அனுப்ப, அடுத்த முனை அதைத் திருப்பி அனுப்பும்; போய்வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று காட்டும். போனில் இதற்கு இலவச ஆப்கள் நிறைய உண்டு. கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் கட்டளையோடு ரூட்டரின் எண்ணை அடித்தால் போதும். அந்த எண் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல இருக்கும். முதலில் ரூட்டருக்கு நூறு முறை அனுப்புங்கள். அப்புறம் வெளியே 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு நூறு முறை. ரூட்டர் பக்கத்தில் நிற்கும்போது அதனிடமிருந்து பதில் 2 முதல் 10 மில்லி செகண்டுக்குள் வர வேண்டும். அதுவே 200, 400 என்று குதித்தால், நடுவில் பதிலே வராமல் போனால், கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. ரூட்டருக்கு எல்லாம் ஒழுங்காக வந்து, வெளி முகவரிக்கு மட்டும் தடுமாறினால் வெளிப்பாதையைப் பார்க்க வேண்டும். இதை நெட் நன்றாக இருக்கும்போது ஒருமுறையும் கெட்டிருக்கும்போது ஒருமுறையும் செய்து, இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஸ்பீட் டெஸ்ட் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஸ்பீட் டெஸ்ட் 40 எம்பிபிஎஸ் காட்டும், வீடியோ கால் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு வீடியோ காலுக்குப் போகவும் வரவும் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். அதற்கு வேண்டியது அகலம் அல்ல, ஒழுங்கு. நூறு செய்தியில் ஐந்து தொலைந்தால் பேச்சு கரகரக்கும், முகம் உறையும். படம் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் படம் முன்கூட்டியே கொஞ்சம் இறங்கி வைத்துக்கொள்ளும். பேசுகிற பேச்சை அப்படி முன்கூட்டி இறக்க முடியாது.

வீட்டுக்குள் கோளாறு என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் விலையில்லாத வைத்தியமே போதும். வைஃபை இரண்டு அலைவரிசையில் வரும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் நெரிசல். நம் நாட்டில் அதில் 13 சேனல் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாமல் மூன்றுதான் அமையும்: 1, 6, 11. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் சத்தம் போடும். தனித்தனியாக நிற்கும் தோட்டத்து வீடுகளில் இந்த நெரிசல் குறைவு. களியக்காவிளை, மார்த்தாண்டம் கடைத்தெரு வீடுகளில் ஒரே இடத்தில் இருபது வைஃபை பெயர் தெரியும். அங்கே சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் மூன்றில் எது காலியோ அதில் பூட்டி வைப்பது பலன் தரும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, காலியானது, ஆனால் சுவருக்குப் பயப்படும். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் வெட்டுகல் சுவர் ஒன்றரை அடி கனம். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்து நிற்கும்போது இரண்டு சுவர் தாண்டி 5 ஜிகாஹெர்ட்ஸ் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ரூட்டர் இருக்கும் இடம்தான் பெரிய விஷயம். நான் போகிற வீடுகளில் பாதியில் அது டிவிக்குப் பின்னால், பீரோவுக்கு அடுத்து, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கிடக்கும். இரும்பு பீரோவும் கண்ணாடியும் ஃபிரிட்ஜும் அலையைத் தடுப்பவை. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே போதும். அளக்க வேண்டும் என்றால் வைஃபை அனலைசர் ஆப்பில் சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் கணக்கைப் பாருங்கள். அது மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 67-க்குக் குறையாமல் இருந்தால் வீடியோ கால் நன்றாக நடக்கும்; மைனஸ் 80-ஐத் தொட்டால் தடுமாறும். இதில் 3 டிபி குறைந்தால் சக்தி பாதி, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒன்று. எண் சின்னதாக மாறினாலும் உள்ளே நடப்பது பெரிய மாற்றம்.

வைஃபையை வாங்கி மேலும் தூரம் கொடுக்கும் எக்ஸ்டெண்டரை வாங்கி, சிக்னலே வராத அறையில் வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. வராத இடத்தில் வைத்தால் அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? பாதி வழியில், நல்ல சிக்னல் வரும் இடத்தில்தான் வைக்க வேண்டும். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் எக்ஸ்டெண்டரில் வேகம் பாதியாகிவிடும். முடிந்தால் அடுக்களைப் பக்கம் ஒரு லேன் கேபிள் இழுத்து இரண்டாவது வைஃபை பெட்டி வைப்பதுதான் நிலைக்கும்.

இன்னொன்று, யாரும் சந்தேகப்படாத ஒன்று: அடாப்டர். குலசேகரம் பக்கத்தில் ஒரு டீச்சர் வீட்டில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. பகலில் ஒன்றும் இல்லை. மின்சாரம் போய் வருவதால் என்று நினைத்திருந்தார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். யாரும் இணையாதபோது 12.1 வோல்ட். பிள்ளைகள் இரண்டு பேர் போன், ஒரு டிவி, ஒரு லேப்டாப் எல்லாம் சேர்ந்ததும் 10.4-க்கு இறங்கியது; ரூட்டர் அப்படியே அணைந்தது. அடாப்டரைப் பிரித்துக் காட்டினேன், உள்ளே கெப்பாசிட்டரின் தலை பப்படம் போல உப்பியிருந்தது. நான்கு வருட வெக்கையில் அது செத்துவிட்டிருந்தது. அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள புது அடாப்டர் போட்டதோடு சரி. வோல்ட் மட்டும் மாறவே கூடாது. 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டியே போய்விடும்.

இனி வெளிப்பாதை. நோட்டில் இரவு எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் கோளாறு விழுந்து, மற்ற நேரம் சுத்தமாக இருந்தால் அது நெரிசல். டவரின் ஒரு முகத்துக்கு இருக்கும் கொள்ளளவை அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் பங்கு போடுகின்றன. தூரத்தில் மெலிந்த சிக்னலோடு இருக்கிற ஒரு வீடு அதே தகவலை வாங்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த நேரம் மற்ற எல்லோருக்கும் குறையும். இதை உறுதி செய்ய நல்ல நேரம் ரப்பர் பால்வெட்டு நேரம்தான். விடியுமுன் வெட்டுக்காரர்கள் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கும்போது ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது சோதித்தால் 60 எம்பிபிஎஸ், இரவு ஒன்பதுக்கு 3 என்று வந்தால், வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை. நிறுவனத்திடம் கேட்க வேண்டும், இல்லை வேறு நிறுவனம் பார்க்க வேண்டும்.

நெரிசல் போலவே தோன்றும் இன்னொன்று நம் வீட்டிலேயே உண்டு. கல்யாண வீட்டுக்குப் போய் வந்த அன்று ராத்திரி யாரோ ஒருவரின் போன் ஐந்நூறு படத்தையும் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். ஏறும் பாதை நிரம்பியதும் ரூட்டருக்குள் செய்திகள் வரிசை கட்டி நிற்கும். பிங் 30-லிருந்து 900-க்குப் போகும். படம் ஏற்றுவதை நிறுத்திப் பாருங்கள், உடனே சரியாகும். காலையில் ஏற்றும்படி மாற்றி வைத்தால் போதும்.

இனி நம் எல்லைக்கே உரிய சிக்கல். 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. அன்றைக்கு விழுந்த கோடு இன்று நம் போனுக்குள்ளும் ஓடுகிறது. இந்தியாவைத் தொலைத்தொடர்புக்காக 22 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு ஒன்று, கேரளம் வேறொன்று. நிறுவனங்கள் அலைவரிசையை ஏலத்தில் எடுப்பதே வட்டம் வட்டமாகத்தான். ஒரே நிறுவனம் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அலைவரிசையை அதிகமாகவும் அந்தப் பக்கம் குறைவாகவும் வைத்திருக்கலாம். பனச்சமூடு சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் வெள்ளறடை, கேரளம். டவர் அலைக்கு இந்தக் கோடு தெரியாது. மேட்டில் இருக்கிற வீட்டுக்கு வெள்ளறடைப் பக்கத்து டவர் நம் ஊர் டவரைவிடப் பலமாக விழும்.

சிம் போட்ட 4ஜி, 5ஜி ரூட்டர் வைத்திருக்கிற வீடுகளில் இதுதான் நடக்கிறது. ரூட்டர் சில நேரம் இந்த வட்டத்து டவரையும் சில நேரம் அந்த வட்டத்து டவரையும் பிடிக்கும். ஒரே வட்டத்துக்குள் டவர் மாறினால் இணைப்பு அறுபடாமல் கைமாற்றிக் கொடுப்பார்கள். வட்டம் மாறும்போது பெரும்பாலும் அப்படி இல்லை. பழையதை விட்டுவிட்டு, தேடி, புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குள் கால் அறுந்துவிடும். ரோமிங்குக்குத் தனிக் காசு பிடித்த காலம் போய்விட்டது, அதனால் இப்படி மாறுவதே யாருக்கும் தெரிவதில்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பிரவுசரில் ரூட்டரின் எண்ணை அடித்தால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில், அல்லது போனில் டவர் தகவல் காட்டும் ஆப்பில் ஒரு எண் வரும். இந்திய நிறுவனங்களுக்கு அது 404 அல்லது 405 என்று தொடங்கும். அதற்கு அடுத்த இரண்டு மூன்று இலக்கம் நிறுவனத்தையும் வட்டத்தையும் சொல்லும். நெட் நன்றாக இருக்கும்போது ஒரு எண், அறுந்து வந்ததும் வேறு எண் என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அப்புறம் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து, உங்கள் வட்டத்து நெட்வொர்க்கையே நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள். ரூட்டரைக் கேரளப் பக்கம் பார்க்கும் மேற்கு ஜன்னலிலிருந்து எடுத்து நம் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள். டவர் எங்கே என்று தெரியாவிட்டால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள டவர்களைப் பார்க்கலாம். அருமனையில் ஒரு வீட்டில் அந்த ஒரே மாற்றத்தில், ஒரு பைசா செலவில்லாமல், ஆறு மாதத் தொல்லை தீர்ந்தது.

இதே போன்ற இன்னொரு ஊசலாட்டம் 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவில். 5ஜியில் வேகம் தரும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகாது, மரத்தையும் சுவரையும் தாண்டாது. அதன் ஓரத்தில் இருக்கிற வீட்டில் ரூட்டர் 5ஜியைத் தொடும், விடும், திரும்பத் தொடும். அங்கே 5ஜியை அணைத்து 4ஜியில் பூட்டி வைப்பதுதான் நல்லது. திரையில் ‘5ஜி’ என்ற எழுத்து தெரியாது, ஆனால் பேச்சு அறுபடாது. இந்த ரூட்டர்களில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் காட்டும். முதலாவது பலம்: மைனஸ் 110-க்குக் கீழே போனால் மோசம். இரண்டாவது தெளிவு: 20-க்கு மேல் அருமை, 0-வை நெருங்கினால் வீண். பலத்தைவிடத் தெளிவுதான் முக்கியம் என்பது என் அனுபவம். சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவினால் சத்தம் பலமாக இருக்கும், ஒன்றும் புரியாது.

மொட்டைமாடிக்கு மேல் மழைக்காக அலுமினிய ஷீட் போட்டிருக்கிற வீடுகள் இங்கே நிறைய. ரூட்டர் அதற்கு அடியில் இருந்தால் வெளி ஆன்டெனா வேண்டும். ஆனால் ஆன்டெனாவை மேலே வைத்து, மெல்லிய ஆன்டெனா வயரைப் பத்து மீட்டர் கீழே கொண்டுவந்தால், கிடைத்த சிக்னலில் பெரும்பகுதியை அந்த வயரே தின்றுவிடும். ரூட்டரையே மேலே, மழை படாத பெட்டிக்குள் வைத்து, லேன் கேபிளைக் கீழே இறக்குங்கள். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை ஒன்றும் இழக்காமல் கொண்டுவரும். ஆன்லைனில் விற்கும் மொபைல் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்க வேண்டாம். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். சுற்றிலும் இருக்கிற வீடுகளின் போனையும் அது கெடுக்கும்.

இப்போது சித்தி வீட்டுக்கு வருகிறேன். அங்கே சிம் ரூட்டர் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின்மேல் இருக்கிற டவரிலிருந்து 5.8 ஜிகாஹெர்ட்ஸில் டிஷ் வழியாக நெட் வருகிறது. கேபிள் இழுக்க முடியாத மேட்டு வீடுகளுக்கு இப்படித்தான் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் பிங் சுத்தம், அடாப்டர் சுத்தம். நோட்டை எடுத்துப் பார்த்தால் நேரத்தில் ஒழுங்கே இல்லை. பகலிலும் போகிறது, இரவிலும் போகிறது. மூன்று வருட அழைப்புகளை என் போனில் தேடினேன். எல்லாம் மார்ச் முதல் நவம்பர் வரை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் ஒரு அழைப்புகூட இல்லை.

மொட்டைமாடியில் ஏறி டிஷ் பார்க்கிற திசையில் நின்றேன். மார்ச் கடைசி வாரம். முன்னால் பச்சைச் சுவர் போல ரப்பர். ஜனவரியில் அதே இடத்தில் நின்று சித்தி மகள் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் மரமெல்லாம் மொட்டையாக, குச்சி குச்சியாக நிற்க, இடைவெளியில் தூரத்து டவர் தெளிவாகத் தெரிந்தது.

ரப்பர் வருடத்துக்கு ஒருமுறை இலையை முழுசாக உதிர்க்கும். டிசம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் தோட்டம் வெறுமையாகும். பிப்ரவரியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். மார்ச்சில் பச்சையாகி அடர்ந்துவிடும். ஒரு காம்பில் மூன்று இலை. ஒரு இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், என் கையைவிட நீளம். 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். தன்னைவிடப் பெரிய, நீர் நிறைந்த ஒரு தகட்டில் மோதும் அலை கொஞ்சம் உறிஞ்சப்படும், மிச்சம் நாலு பக்கமும் சிதறும். ஒரு இலையில் அது ஒன்றுமில்லை. ஒரு மரத்தில் எத்தனை ஆயிரம் இலை, டிஷ்ஷுக்கும் டவருக்கும் நடுவில் எத்தனை மரம்! 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 40 சென்டிமீட்டருக்கு மேல். அது இலைக்கூட்டத்தை ஓரளவு தாண்டிப் போய்விடும். அதனால்தான் டிஷ் தவிக்கும் அதே வீட்டில் போன் சாதாரணமாக வேலை செய்யும், நாமும் குழம்பிப் போவோம்.

சரி, டிஷ் மாட்டியவர்கள் மரத்தைப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள், அப்போது மரம் இல்லை. 2017 நவம்பர் 30-ல் அடித்த ஓகி புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தோட்டம் தோட்டமாக ரப்பர் சாய்ந்தது, நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. சித்தி வீட்டுக்கு எதிர்த்த தோட்டமும் அதில் போனது. அடுத்த வருடம் புதுக் கன்று நட்டார்கள். டிஷ் வந்தபோது அந்தக் கன்றுகள் இடுப்பளவு. பால் வெட்டத் தொடங்க ஏழு வருடம் ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த வயதில் மரம் மாடி வீட்டைத் தாண்டி நிற்கும். மரம் வளர வளர ஒவ்வொரு மார்ச்சும் முந்தைய மார்ச்சைவிட மோசமானது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கண்ணுக்கு டவர் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம், போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. இரண்டு முனையிலும் ஒடுங்கி நடுவில் பெருத்த ஒரு வெள்ளரிக்காய் வடிவத்தில் இடத்தை எடுத்துக்கொண்டு போகும். ஃப்ரெனல் மண்டலம் என்று இதற்குப் பெயர். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 ஜிகாஹெர்ட்ஸில் அதன் நடுப்பகுதி, மையக் கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் சுமார் 5 மீட்டர். அதில் குறைந்தது அறுபது சதவீதம், அதாவது 3 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். டவர் தெரிகிறது, ஆனால் நடுவழியில் மரத்தின் தலை பார்வைக் கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழே நிற்கிறது என்றால் நெட் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். “மழை வந்தா நெட்டு போவும்” என்பது பாதிதான் உண்மை. டிடிஹெச் டிவி 12 ஜிகாஹெர்ட்ஸ் அருகில் வருவது, அதனால் பெருமழையில் படம் நின்றுவிடும். 5.8-ல் கொட்டுகிற மழைகூட கிலோமீட்டருக்கு 1 டிபி அளவுக்குத்தான் குறைக்கும். நெட்டைக் கெடுப்பது காற்றில் இருக்கிற மழை அல்ல, இலையில் தங்கிய மழை. நனைந்த இலை உலர்ந்த இலையைவிட மிக அதிகமாக உறிஞ்சும். மழை விட்ட பின்னும் அரை மணி நேரம் நெட் மோசமாக இருந்து, காற்றடித்து இலை உலர்ந்ததும் சரியாகிறது என்றால் அது மரம். மழை விட்டு ஒரு நாள் முழுக்க ஆகியும் சரியாகாவிட்டால் டிஷ்ஷின் கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பச்சைப் பாசி போலக் களிம்பு தெரியும். வெயிலில் வெடித்த கேபிள் தோல் வழியாகத்தான் பெரும்பாலும் இறங்கும். இந்த அரை மணி, ஒரு நாள் வித்தியாசத்தை நோட்டில் எழுதினாலே டெக்னீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

சித்தப்பா சொன்னது, எதிர்த்த தோட்டக்காரரிடம் பேசி இரண்டு மரத்தின் தலையைக் கழிக்கலாம் என்று. எனக்கு மனம் வரவில்லை. புயலில் எல்லாம் போய், ஏழு வருடம் காத்திருந்து இப்போதுதான் அவர் பால் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். நம் வீடியோ காலுக்காக அந்த மரத்தில் கை வைக்கச் சொல்வது நியாயமில்லை. மாடியின் நான்கு மூலையிலும் நின்று பார்த்தோம். வடமேற்கு மூலையில் தோட்டத்துக்குள் ஜீப் போகும் பாதை ஒன்று நேராக ஓடுகிறது. அந்த அகலத்துக்கு மரமில்லை. டவரின் திசை அந்தப் பாதைக்குக் கிட்டத்தட்ட நேர்.

நிறுவனத்துக்குப் போன் செய்து டிஷ்ஷை மாற்றச் சொன்னால் முதலில் மறுத்தார்கள். இங்கேதான் நோட்டு உதவியது. புகார் கொடுக்கும்போது புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்; அது இல்லாத புகார் புகாரே அல்ல. தீராவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதி. அதற்கு மேல் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம். டிராய் நேரடியாகத் தனிநபர் புகாரை எடுப்பதில்லை. 2023 ஜனவரியிலிருந்து பிராட்பேண்ட் என்று சொல்லிக் கொடுக்கும் இணைப்பு குறைந்தது 2 எம்பிபிஎஸ் இறங்க வேண்டும் என்று அரசே வரையறுத்திருக்கிறது. நம் அளவுகள் அதற்குக் கீழே விழுந்த நாட்களைத் தேதியோடு எழுதினோம். பதினான்கு நாள் பிங் கணக்கு, ஜனவரிப் படம், மார்ச் படம் எல்லாம் சேர்த்து மேல்முறையீட்டுக்கு அனுப்பிய நான்காம் நாள் ஆள் வந்தார்.

பன்னிரண்டு அடி ஜிஐ பைப்பில் டிஷ் வடமேற்கு மூலைக்குப் போனது. பைப்புக்குத் தனியாக எர்த் போடச் சொல்லி நின்று வாங்கினேன். ஐப்பசி இடிக்கு மாடியில் நிற்கும் இரும்பை அப்படியே விடக் கூடாது. இடி முழங்கும்போது அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றி வைக்கச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். டிஷ்ஷின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் சிக்னல் மைனஸ் 79-லிருந்து மைனஸ் 66-க்கு வந்தது. 13 டிபி, அதாவது இருபது மடங்கு சக்தி.

இந்த மார்ச்சில் சித்தி அழைக்கவில்லை. நானே போய்ப் பார்த்தேன். தோட்டம் முழுக்கப் பச்சை. அன்று மாலை ஒரு மணி நேரம் நல்ல மழை, இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. நோட்டில் சித்தி மகளின் கையெழுத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: “ராத்திரி 10.40. மழை விட்டு 20 நிமிஷம். பிங் 26. அண்ணன் கூப்பிட்டான், 50 நிமிஷம் பேசினோம், ஒருதடவைகூட நிக்கல.”